தண்ணீர் குடிக்கும் மோட்டார்

அந்தப் படகு மோட்டார் குட்டியானை லோடு வண்டியில் வந்து இறங்கிய அன்று நான் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தனியாக என்று சொல்ல வேண்டியதில்லை, மூன்று வருடமாக அப்படித்தான். டிரைவர் வாசலில் எவ்வளவு நேரம் ஹாரன் அடித்தான் என்று தெரியாது. உள்ளே வந்து தட்டுக்கு முன்னால் நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஆள் கடுகடுவென்று இருந்தான். சோற்றில் கை வைத்துவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லி வைத்தேன். இந்த மாதிரிப் பொய்கள் என்னிடம் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

எனக்குக் காது கேட்காது. சங்ககிரியில் நாற்பது வருடம் லாரி எஞ்சின் வேலை பார்த்தவன். டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் அத்தனை வருடம் நின்றால் காது என்ன ஆகுமோ அது ஆயிற்று. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் வந்து முகத்துக்கு நேராகப் பேசினால், பாதி காதாலும் பாதி உதட்டசைவாலும் புரிந்துகொள்வேன். முதலில் போனது குக்கர் விசில். அப்புறம் போன் மணி, குருவிச் சத்தம், பெண்கள் குரல்.

யாரிடமும் சொல்லவில்லை. வண்டி ஷெட்டுக்குள் திரும்பும்போதே எந்த இன்ஜெக்டர் தட்டுகிறது என்று சொல்லிவிடுகிற ஆள் என்று எனக்குப் பேர் இருந்தது. காது போன மெக்கானிக்கிடம் எவன் வண்டி விடுவான்? ஸ்குரூ டிரைவர் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். நான் கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொள்ளப் பழகினேன். தட்டுகிற இடம் தாடை எலும்பில் வந்து அடிக்கும். அது ஏதோ பெரிய வித்தை என்று நினைத்துப் பக்கத்து ஷெட்காரர்கள் இரண்டு பேர் தாங்களும் கடித்துப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மோட்டாரை அனுப்பியது என் மச்சினன், மனைவியின் தம்பி. மேட்டூரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். அணையில் மீன் பிடிக்க லைசென்ஸ் எடுத்து, பழைய ஃபைபர் படகு ஒன்றையும், எங்கேயோ பல வருடம் துருவேறிக் கிடந்த இந்த மோட்டாரையும் வாங்கியிருக்கிறான். துடுப்புப் போடத் தோள்பட்டை ஒத்துழைக்கவில்லையாம். மேட்டூரில் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். இதையெல்லாம் டிரைவர்தான் சொன்னான். மச்சினன் சொல்லி அனுப்பியது ஒரே ஒரு வரி. "ஓடுனா சொல்லச் சொன்னாருங்க. ஓடலீன்னா இரும்புக்குப் போட்டுறச் சொன்னாருங்க."

யாரைச் சொல்லச் சொன்னான் என்று கேட்டேன். இந்த ஊட்டுக்காரரை என்றான் டிரைவர். மச்சானை என்று சொல்லி அனுப்பவில்லை.

எங்கள் பக்கம் அக்கா புருசனை மச்சான் என்று கூப்பிடுவது மூச்சு விடுவது மாதிரி. என் கல்யாணத்தன்று பந்தியில் எனக்கு இலை போட்ட நாளிலிருந்து அவன் என்னை வேறு எதுவும் கூப்பிட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா செத்து, காரியம் முடிந்த அன்றோடு அந்தச் சொல்லை நிறுத்திவிட்டான். திவசத்துக்கு வருவான், படையலுக்கு முன்னால் நிற்பான், "நீங்க" என்பான், "இந்தாங்க" என்பான், அதோடு சரி. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். கூப்பிடாமல் இருப்பவனை என்ன செய்வது?

நடந்தது இதுதான். அன்று காலை பதினொரு மணி. நான் வீட்டு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து இன்ஜெக்டர் நாசில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் பக்கம் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்தாள். கூப்பிட்டிருக்கிறாள். ரொம்ப நேரம் கூப்பிட்டிருக்கிறாள். கடைசியில் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் வீட்டுக்கார அம்மா குரல் கேட்டு ஓடி வந்து, என்னைத் தாண்டித்தான் பின்பக்கம் போனது. நான் நாசிலிலிருந்து தலையை எடுக்கவில்லை என்று அந்த அம்மா பிற்பாடு எல்லாரிடமும் சொன்னது. பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று மச்சினன் என் முன்னால் வந்து உட்கார்ந்து, அக்கா கூப்பிட்டபோது ஏன் போகவில்லை என்று கேட்டான். சுற்றிலும் சொந்தக்காரர்கள், ஷெட்காரர்கள், லாரி ஓனர்கள். வேலையா இருந்தேன் என்றேன். செவிடன் என்று பேர் வாங்குவதைவிடக் கல்நெஞ்சன் என்று பேர் வாங்குவது எனக்கு அந்த நிமிடம் சுலபமாக இருந்தது. அவன் எழுந்து போய்விட்டான்.

ஆக, மோட்டார் வந்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். இதை ஓட வைத்துவிட்டால் அவன் மறுபடி மச்சான் என்று கூப்பிடுவான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இறங்கினேன். உண்மையைச் சொல்லாமலேயே அதை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஷெட்டை மூடிவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு ஸ்பேனரைத் தொடவே இல்லை. பெட்டியைத் திறந்தபோது பழைய கிரீஸ் வாசம் அடித்ததும் கொஞ்சம் அழுதுவிட்டேன். பார்க்க ஆளில்லாத வீட்டில் அழுவதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மோட்டாரை நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புக்கு வரும். மேலே இரண்டு சிலிண்டர் வைத்த தலை, நடுவில் நீளக் கழுத்து, கீழே தண்ணீரைத் தள்ளுகிற இறக்கை. பெயின்ட் உரிந்து பேரும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. தலைமேல் இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன், அசையவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப்போட்டேன். தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய் ஒரு திருப்புத் திருப்பிப் பார்ப்பேன். பிடிவாதத்தில் அது எனக்குச் சளைத்ததில்லை. நாலு நாள் அசையவில்லை. அஞ்சாம் நாள் ஒரு விரல் அளவு அசைந்தது. அன்றைக்கு நான் வாய்விட்டுப் பேசிய ஒரே வார்த்தை அதனிடம் சொன்னதுதான். "வந்துட்டியா சாமி."

பெங்களூரில் இருக்கும் மகள் மறுநாள் சாயங்காலம் வீடியோவில் வந்தாள். வீடியோ என்றால் உதட்டைப் பார்க்கலாம், அதனால் வெறும் போனில் பேசவே மாட்டேன். முகத்தைப் பார்க்காமல் எப்படிப் பேசுவது என்பேன், பாசம் என்று நினைத்துக்கொள்வாள். மோட்டாரைக் காட்டினேன். மாமனுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம், சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இறுகிக் கிடந்த பிஸ்டன் இளகியபின் வேலை எனக்குத் தெரிந்த வழிக்கு வந்தது. லாரிச் சக்கரம் இழுத்துக் கழற்ற வைத்திருந்த புல்லரை அறுத்து வெல்டிங் வைத்து ஃப்ளைவீலைக் கழற்றினேன். உள்ளே தீப்பொறி கொடுக்கிற பிளாட்டினம் பாயின்ட் பச்சை பிடித்துக் கிடந்தது. உப்புத்தாளில் தேய்த்து, கண்டன்சருக்குப் பதிலாக மொபெட் கண்டன்சர் போட்டேன், அச்சாக உட்கார்ந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாக நின்றிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு அவசரமும் இல்லை. வேலை முடிந்துவிட்டால் மறுபடி சும்மா உட்கார வேண்டுமே என்று நடுவில் வேண்டுமென்றே ஒரு நாள் தொடாமலும் இருந்தேன்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒன்று மட்டும் இடித்தது. ரேடியேட்டர் இல்லை. தண்ணீர் ஊற்றுகிற மூடியைத் தேடினேன், இல்லை. தலையைச் சுற்றி மூன்று தரம் பார்த்தேன். சரி, மொபெட் மாதிரி காற்றிலேயே ஆறுகிற எஞ்சின் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். வேப்பமரத்தடியில் இரண்டு கல்லுக்கு நடுவே பலகை போட்டு அதில் மோட்டாரை இறுக்கினேன். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தேன். ஏழாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? பலகை அதிர்ந்தது, புகை மேலெழுந்தது, இறக்கை சுற்றியது. ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கடித்துத் தலையில் ஊன்றினேன். இரண்டு சிலிண்டரும் சமமாக அடித்தன. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். மூன்று வருடத்தில் எனக்கு இவ்வளவு நன்றாகக் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

ரப்பர் கருகும் வாசம் வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். அந்த அம்மா, பின்பக்கம் ஓடி வந்த அதே அம்மா, கேட்டில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தது. அணைத்தேன். கிட்டே வந்தது. "என்னமோ கீச்சுகீச்சுன்னு கத்துதே, உங்களுக்குக் கேக்கலீங்களா?" என்றது. கேட்டுச்சு, அது அப்படித்தான் கத்தும் என்றேன். அந்த அம்மா என் முகத்தையே ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனது.

கழுத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கீழே, இறக்கைக்கு மேலே, ஒரு சின்ன இம்பெல்லர். நம் கிணற்று மோட்டாரில் இருப்பது மாதிரிதான், ஆனால் ரப்பர். படகு ஓடுகிற தண்ணீரையே உறிஞ்சி, தலைக்கு ஏற்றி, பின்னால் ஒரு துளை வழியாகத் துப்பிவிட வேண்டியது. தண்ணீரே ரேடியேட்டர். தரையில் வைத்து ஓட்டினால் அது காய்ந்து உரசிக் கருகாமல் என்ன செய்யும்! தண்ணீர் இல்லாமல் மோட்டார் போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் நான் அதை மோட்டாராகவே பார்க்கவில்லை. லாரியாகப் பார்த்தேன். ஏரியில் தண்ணீர் நின்று பார்த்தே பல வருடமான ஊர்க்காரனுக்கு, தண்ணீரைக் கூடவே வைத்துக்கொண்டு பிழைக்கிற எஞ்சின் என்று ஒன்று இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

என்னை அதிகம் சுட்டது இம்பெல்லர் போனதல்ல. காது உள்ள எவனும் அந்தக் கீச்சுச் சத்தம் வந்த உடனேயே அணைத்திருப்பான். நான் கண்ணை மூடிப் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். இப்படித்தானே அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றியதும் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவியும் என்னைக் கல்நெஞ்சன் என்றுதான் நினைத்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பாத திமிர் என்று தம்பியிடம் சொல்லிக் குறைபட்டிருக்கிறாள். ஏதாவது கேட்டு எனக்கு விளங்காவிட்டால், ஒரு தரம் சொன்னால் பத்தாதா என்று நான்தான் எரிந்து விழுவேன். எரிந்து விழுந்தால் மறுபடி கேட்க மாட்டாள், எனக்கும் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

இம்பெல்லருக்கு நாகப்பட்டினத்தில் ஒரு கடையை விசாரித்துப் பிடித்தேன். போனில் பேச முடியாதே, போட்டோ எடுத்து அளவெழுதி அனுப்பினேன். பழைய மாடல், இந்த அளவு இப்போது வருவதில்லை, பக்கத்து அளவு ஒன்று இருக்கிறது, கொஞ்சம் சீவிப் போடுங்கள் என்று பதில் எழுதினார்கள். சங்ககிரிக்கு வருகிற லாரி ஒன்றில் கொடுத்தனுப்பினார்கள். பிளேடால் சீவி மாட்டினேன். லாரி கழுவுகிற இடத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. அதில் மோட்டாரின் கீழ்ப்பாதியை முங்க வைத்துக் கயிற்றை இழுத்தேன். பின் துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடித்து என் சட்டையெல்லாம் நனைந்தது. லாரி கழுவிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள் என்று நினைக்கிறேன், கைகள் அசைந்தன.

ஓடுகிறது என்று மச்சினனுக்கு மெசேஜ் அனுப்பினேன். சரிங்க என்று வந்தது. அன்று முழுக்க அந்த "சரிங்க"வை எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அதே குட்டியானையில் மோட்டாரோடு நானும் ஏறி மேட்டூர் போனேன். கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். புதிதாக மாட்டியது, முதல் ஓட்டத்தில் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று தொழில் காரணம் ஒன்று வைத்திருந்தேன். மச்சினன் கரையில் நின்றிருந்தான். மூன்று வருடத்தில் மீசை முழுக்க வெளுத்திருந்தது. அக்கா சாயல் நெற்றியில் அப்படியே இருந்தது, அதனால் நான் அவன் நெற்றியைப் பார்க்காமலேயே பேசினேன். இரண்டு பேருமாகத் தூக்கிப் படகின் பின்பலகையில் இறுக்கினோம். "வாங்க" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். மோட்டாரைப் பற்றி மட்டும் கேட்டான், நானும் அதைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அணையில் தண்ணீர் நிறையவே இருந்தது. பரிசல்காரர்கள் காலை வலையை எடுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மச்சினன் பின்னால் உட்கார்ந்து இழுத்தான், மூன்றாவது இழுப்பில் பிடித்தது. நான் எடை சமமாக இருக்கட்டும் என்று முன்னால், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். படகு கிளம்பியதும் மலைப் பக்கமிருந்து காற்று முகத்தில் அடித்தது. திரும்பி ஒரு தரம் பார்த்தேன். பின்னால் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. மச்சினன் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து அல்ல, மோட்டாரைப் பார்த்து. இருந்தாலும் எனக்கு அது போதும் போல இருந்தது. முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நடு நீருக்குப் போனதும் பலகையில் அதிர்வு நின்றது. வலை போட இடம் பார்க்க நிறுத்தியிருக்கிறான் என்று தெரிந்தது. படகு லேசாக ஆடிக்கொண்டு நின்றது. நான் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவியோடு ஒருதரமாவது இப்படித் தண்ணீரில் வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது.

முதுகில் ஏதோ இடித்தது. துடுப்பு. திரும்பினேன். மச்சினன் துடுப்பை நீட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மூணு தடவ கூப்புட்டேன்" என்றான்.

மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"மோட்டார நிறுத்தி எந்நேரமாச்சுங்க."

கையிருப்பில் பொய் எதுவும் மிச்சமில்லை. நாலா பக்கமும் தண்ணீர், எழுந்து போகவும் முடியாது. என்னவென்று கூப்பிட்டாய் என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான்.

"மச்சான்னு."

மூன்று வருடம் காத்துக் கிடந்த சொல். ஒன்றுக்கு மூன்றாக வந்து என் முதுகுக்குப் பின்னால் விழுந்திருக்கிறது.

அவன் பலகை பலகையாகத் தாண்டி என் பக்கத்தில் வந்து எதிரே உட்கார்ந்தான். எத்தனை நாளாக இப்படி என்றான். பத்து வருசம் இருக்கும் மாப்ள என்றேன். அவன் கண் என் காதைப் பார்த்தது, பிறகு தண்ணீரைப் பார்த்தது, பிறகு மறுபடி என்னைப் பார்த்தது. அன்றைக்கும் கேட்கவில்லையா என்றான். கேட்கவில்லை என்றேன். வேலையாக இருந்தேன் என்று சொன்னது பொய் என்றேன். செவிட்டு மெக்கானிக் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்று பயந்து மறைத்தேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. இனி இவன் என்னை மன்னித்துவிடுவான், கூப்பிட்டும் போகாதவன் இல்லை, கேட்காதவன்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்லுவான் என்று, வெட்கமில்லாமல், அந்த நடு நீரில் உட்கார்ந்துகொண்டு நினைத்தேன்.

அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். எடுத்தபோது கண் சிவந்திருந்தது. என் வலது பக்கமாகச் சாய்ந்து சொன்னான்.

"அக்காகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே மச்சான். தெரிஞ்சிருந்தா உங்களையே கூப்புட்டுட்டுக் கெடந்திருக்க மாட்டா. மொதல்லயே ஓடியாந்த அந்த ஊட்டம்மாவக் கூப்புட்டிருப்பா."

ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டது. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் கிட்டே வந்து, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாக, இன்னும் சத்தமாக, மறுபடி ஒரு தரம் சொன்னான்.